ரத்தம் நின்றுவிட்டது என்று நான் சொன்ன மதியம்

இதய அறுவை ஐசியூவுக்குப் புதிதாக வரும் நர்ஸ்களுக்கு நான் முதலில் காட்டுவது டிரெயின் டியூபைத்தான். ஆபரேஷன் முடிந்தபின் நெஞ்சுக்குள் கசியும் ரத்தத்தை அது வெளியே பாட்டிலுக்குக் கொண்டுவரும். மணிக்கொரு முறை அளவு பார்த்து, பாட்டிலில் ஒட்டிய பிளாஸ்டரில் கோடு போட வேண்டும். கூடினால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். குறைந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது சேசடிமை என்ற நோயாளியால்தான் எனக்குப் புரிந்தது.

குளத்தூர் பக்கத்துக் கடற்கரைக்காரர். வால்வு மாற்றியிருந்தது. பிரசவ லீவு முடிந்து நான் டியூட்டிக்கு வந்த இரண்டாவது வாரம் அது. பிள்ளை பனச்சமூட்டில் மாமியாரிடம் இருந்தது.

முதல் மணியில் இருநூறு மில்லி. அடுத்த மணியில் அதைவிடக் கூடுதல். பிளாஸ்மாவும் பிளேட்லெட்டும் ஏற்றினோம். இன்னும் ரத்தம் தேவைப்படலாம் என்று டாக்டர் சொன்னதால், அவருடைய வள்ளத்துக்காரர்கள் ஐந்து பேர் கடலுக்குப் போகாமல் வராந்தாவில் காத்திருந்தார்கள்.

"எங்க ரெத்தம் ஏத்தினா ஐசியூ முழுக்க மீன்வாடையாக்கும் சிஸ்டரே," என்றார் ஒருவர்.

"சும்மா இரிங்கண்ணே," என்றாள் சேசடிமையின் மனைவி பிலோமினா. ரத்தம் கொடுப்பவர்களுக்காக மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கொண்டுவந்திருந்தாள்.

மூன்றாம் மணியில் இருபது மில்லிதான். எனக்கு மனசு லேசானது. பால் கட்டி மார்பு வலித்ததால், பக்கத்து பெட் நர்ஸிடம் சொல்லிவிட்டுப் பாலைப் பிழிந்துவிட வெளியே வந்தேன். பிலோமினா கையைப் பிடித்தாள்.

"ரெத்தம் நின்னாச்சா மக்கா?"

"நின்னாச்சும்மா. பேடிக்காண்டாம்."

அவள் வள்ளத்துக்காரர்களுக்குச் சாப்பாடு பரிமாறி, வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

திரும்பி வந்தபோது பிரஷர் குறைந்திருந்தது. தூக்க மருந்தால் இருக்கும் என்று நினைத்தேன். மறுபடி பார்த்தேன், இன்னும் குறைந்திருந்தது. ரவுண்ட்ஸ் வந்த சீனியர் சிஸ்டர் டியூபைக் கசக்கிப் பார்த்தார்.

"ஏட்டி, இது நின்னதல்ல, அடச்சதாக்கும். டாக்டரக் கூப்பிடு."

டியூபுக்குள் ரத்தம் உறைந்திருந்தது. வெளியே வர வழியில்லாத ரத்தம் இதயத்தைச் சுற்றித் தேங்கி அதை நெருக்கிக்கொண்டிருந்தது. தியேட்டருக்குக் கொண்டுபோய் மறுபடியும் நெஞ்சைத் திறந்தார்கள். ரத்தம் கொடுக்க ஆள் கேட்டபோது வராந்தாவில் பிலோமினா மட்டும் இருந்தாள். போன் செய்ததும் ஐந்து பேரும் பாதி வழியில் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்தார்கள். அதற்குள் சேசடிமை இறந்துவிட்டார்.

"கையிருப்பு ரத்தம் போதுமானதாக இருந்தது, நேரம்தான் இல்லை," என்றார் டாக்டர். என்னைத் திட்டவில்லை. அரை மணி முன்னால் கண்டுபிடித்திருந்தால் என்று கேட்க வாயெடுத்தேன். பதில் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் கேட்கவில்லை.

டியூப் அடைத்ததை டாக்டர் பிலோமினாவிடம் சொல்லியிருந்தார். அதை முதலில் பார்த்திருக்க வேண்டியவள் நான் என்று நான் சொல்லவில்லை. ஆம்புலன்ஸில் ஏறும்முன் அவள் பாலில் நனைந்திருந்த என் சட்டையைப் பார்த்தாள்.

"நீ சொன்னதுனால அரை மணிக்கூறு சமாதானமாட்டு இருந்தேன் மக்கா. போ, பிள்ளைக்குப் பால் கொடு."

புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அளவு திடீரென்று குறைந்தால் சந்தோஷப்படாதீர்கள். முதலில் டியூபைக் கசக்கிப் பாருங்கள், பிரஷரைப் பாருங்கள், சந்தேகமென்றால் உடனே ஆளைக் கூப்பிடுங்கள். வராந்தாவில் கேட்பவர்களிடம் நான் இப்போது, "பாத்துட்டு இருக்கோம்" என்று மட்டும்தான் சொல்கிறேன். அவர்கள் முகம் வாடுவது தெரிகிறது. அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.