ஷைனியின் கணுக்காலில் நான் போட்ட கட்டு

விளையாட்டுக் காயங்களைக் கவனிக்கும் பயிற்சி மாணவியாக, நெய்யாற்றின்கரை மைதானத்தில் இன்று எனக்கு முதல் நாள்.

கபடி ஆடிய ஷைனி கால் மடங்கி விழுந்தாள். டேப் சுற்றும் முன், முறிவு இருக்கிறதா என்று எலும்பை அழுத்திப் பார்க்க வேண்டும் என்பதுதான் எங்களுக்கு முதல் பாடம். தொடப் போனதும் காலை இழுத்துக்கொண்டாள்.

"வேதனை ஒண்ணும் இல்லக்கா, சீக்கிரம் கெட்டித் தாங்க. ஃபைனலாக்கும்!"

ஆரியங்கோட்டிலிருந்து வந்த அவள் ஊர்க்காரர்கள், "மக்கா, எழும்பு!" என்று கத்தினார்கள். நானும் அழுத்திப் பார்க்காமலே, வகுப்பில் ஒரு மாதம் பழகிய கட்டைச் சுருக்கமில்லாமல் போட்டு அனுப்பினேன்.

அடுத்த ரெய்டில் விழுந்தவள் எழவில்லை.

எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் டேப்பை வெட்டிய டாக்டர், "நல்லா கெட்டியிருக்கே, யாரு?" என்றார்.

ஷைனி அழுதுகொண்டே என்னைக் காட்டினாள். "இந்த அக்காவாக்கும்."

பாராட்டைக் கேட்டு ஒளிய இடம் தேடியவர்கள் வேறு யாராவது இருக்கிறீர்களா?