"இருக்குது" என்று சொன்ன மாதங்கள்

இடுப்புக்குப் பின்னால் இந்த நாரி நோவு எனக்குத் தொடங்கிப் பத்து வருடத்துக்கு மேல். சொல்லும் பழக்கம் எனக்கில்லை. ஒருநாள் குசினியில் குனிந்தவள் நிமிர முடியாமல் நின்றபோதுதான் கணவருக்குச் சொன்னேன். "நாரி நோகாத சனம் ஆர் இருக்கு?" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் மறுபடி வாய் திறக்க எனக்கு ஐந்து வருடம் பிடித்தது.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் முதலில் ஒரு ஊசி போட்டுப் பார்த்தார்கள். அந்த மருந்து வேலை செய்த அரைநாளில் நான் குனிந்து செருப்பு வாரைப் பூட்டினேன். அப்படியென்றால் நோவைக் கொண்டுபோவது இந்த நரம்புதான், அதை ஊசியால் சுடலாம் என்றார் டாக்குத்தர். ஆடி மாதம் சுட்டார்கள். நான் குப்புறக் கிடந்தேன். இடத்தை மரக்கச் செய்துவிட்டு, படத்தில் பார்த்துப் பார்த்து நீளமான ஊசிகளை இறக்கினார்கள். "காலுக்குள்ள ஏதும் ஓடுதோ அம்மா? ஓடினா உடனே சொல்ல வேணும்" என்று டாக்குத்தர் கேட்டுக்கொண்டே இருந்தார். காலுக்குள் ஒன்றும் ஓடவில்லை. நாரிக்குள் மட்டும் துடித்தது. பிறகு சூடு.

வீட்டுக்கு விடும்போது டாக்குத்தர் சொன்னார்: "சுட்ட நரம்பு திரும்ப வளரும். ஒரு வருசமோ கூடவோ சுகமா இருப்பீங்கள். நோ திரும்பி வந்தாப் பயப்பிடாதேங்கோ, திரும்பவும் சுடலாம்." ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்குள் அது வேறு மாதிரி இறங்கிவிட்டது.

அன்றைக்கே கணவரின் அக்கா, என் மச்சாள், அனலைதீவிலிருந்து ஒரு பையுடன் வந்துவிட்டார். இரண்டு கிழமை நிற்கிறேன் என்றார். அவர் தனி ஆள். அங்கே மூன்று பரப்புத் தோட்டத்தில் மாரிக்குப் புகையிலை வைப்பார். எங்கள் நாரந்தனை வீட்டுக் கிணறு உவர். குடிக்கிற தண்ணீரைத் தெருமுனைக்கு அப்பாலிருந்து கலன்களில் தூக்க வேண்டும், காலை இரண்டு, பின்னேரம் இரண்டு. மச்சாள் வந்த நாளிலிருந்து அந்தக் கலன்களை என்னைத் தொடவே விடவில்லை.

சுட்ட இடம் இரண்டு கிழமை எரிந்தது. ஆவணி நடுவில் ஒரு காலை கட்டிலை விட்டு எழுந்தேன். எழுந்த பிறகுதான் நோகவில்லை என்று தெரிந்தது. நம்பாமல் திரும்பப் படுத்து, திரும்ப எழுந்து பார்த்தேன். அந்த நேரம் மச்சாள் தேத்தண்ணியோடு வந்தார்.

"எப்பிடி நாரி?"

"இருக்குது, மச்சாள்."

இருக்குது என்றால் என்ன? நாரி இருக்கிறதுதானே. பொய் சொல்லவில்லை என்று என்னையே நான் சமாளித்துக்கொண்டேன். கலன்களை நான் திரும்ப வாங்கினால் மச்சாள் போய்விடுவார். ஒருநாள் அந்த நரம்பு வளரும். அப்போது ஏலாது என்று நான் இன்னொரு தடவை வாய் திறக்க வேண்டும். அந்தப் பயம்தான். அதோடு, காலைத் தேத்தண்ணி என் கைக்கு வருவதும் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. இரண்டு கிழமை இரண்டு மாதமானது. தினமும் கேட்பார். தினமும் அதே பதில்.

ஐப்பசியில் அவருடைய பக்கத்துத் தோட்டக்காரர் அனலைதீவிலிருந்து போன் எடுத்தார். மச்சாள் என்னிடம் வந்து, "புகையிலைக் கன்று ஆயத்தமாம். கார்த்திகைக்குள்ள வைச்சிட வேணும். நான் போனா உமக்குச் சமாளிக்க ஏலுமோ?" என்று கேட்டார்.

நான் மடித்துக்கொண்டிருந்த உடுப்பைப் பார்த்தபடி, "இருக்குதுதான் மச்சாள்..." என்று இழுத்தேன்.

"சரி, சரி. புகையிலை எங்க ஓடப்போகுது" என்று சிரித்தார். இந்த முறை என் கன்றுகளையும் உங்கள் தோட்டத்திலேயே நட்டுக்கொள்ளுங்கள் என்று அவர் போனில் சொல்வது எனக்குக் குசினிக்குள் கேட்டது. நான் தேங்காய் துருவிக்கொண்டே இருந்தேன்.

மார்கழியில் ஒரு பின்னேரம், மச்சாள் தெருவில் கலன்களை இறக்கி வைத்துவிட்டு நாரியில் கை ஊன்றி நிற்பதைக் கண்டேன். அந்த நிலை எனக்குத் தெரியும். பத்து வருடம் நான் நின்ற நிலை அது.

அவர் உள்ளே வந்ததும் சொன்னேன். "மச்சாள், எனக்கு நோ இல்லை. ஆவணியிலயிருந்து இல்லை."

"உமக்கு நோ இல்லையெண்டா எனக்குச் சீனி வருத்தமும் இல்லை. பேசாம இரும்" என்றார்.

கணவரும் சேர்ந்துகொண்டார். "நீ தண்ணி தூக்கிறது அவளுக்கு வெக்கமா இருக்கு அக்கா. அதுதான் உன்னை ஊருக்குக் கலைக்கப் பாக்கிறாள்."

இருவரும் என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டு சிரித்தார்கள். அதை என்னால் தாங்க முடியவில்லை. மிச்சமிருந்த இரண்டு வெறும் கலன்களை எடுத்துக்கொண்டு போனேன். "விடும், விடும்" என்று மச்சாள் படலை வரைக்கும் வந்தார். நிரப்பினேன். வழியில் எங்கும் இறக்காமல் கொண்டுவந்து வைத்தேன். மூச்சுக்கூட வாங்கவில்லை.

மச்சாள் கலன்களைப் பார்த்தார். பிறகு என்னை.

"அப்ப ஐப்பசியிலையும் உமக்கு ஏலுமா இருந்ததோ?"

"ஓம்" என்றேன். கணவர் எழுந்து வெளியே போனார்.

அடுத்த நாள் காலை மச்சாள் வெளிக்கிட்டார். அவருடைய பையை நான் எடுத்தேன். ஐந்து மாதத்தில் அது பாரமாகியிருந்தது. பஸ் வரைக்கும், பிறகு ஊர்காவற்றுறை இறங்குதுறை வரைக்கும் நானே கொண்டுபோனேன். வழி முழுக்க மச்சாள் பையைத் திருப்பிக் கேட்கவில்லை. படகில் ஏறிய பிறகுதான் கை நீட்டி வாங்கினார்.

"தம்பிக்குக் கறியில புளியைக் குறையும். அவனுக்கு நெஞ்செரியுது" என்றார். அந்த மாரி முழுக்க அவருடைய தோட்டம் வெறுமையாகவே கிடந்தது.