சி.டி. கம்பெனியில் குன்றத்தூர் விபூதி

தாம்பரம் தாண்டி, ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்த அந்த சி.டி. கம்பெனியில் எனக்குக் கொடுத்த வேலை, சுருக்கமாகச் சொன்னால், தூசியோடு சண்டை போடுவது. பதவியின் பெயர் தர மேற்பார்வையாளர். வேதியியல் படித்து முடித்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அதட்டுவதில் மட்டும் இருபது வருட அனுபவம் இருந்தது.

தொண்ணூறுகளில் எங்கள் காலனியில் சி.டி.யைக் கையில் தொட்டவர்களே குறைவு. அதை எப்படிச் செய்கிறீர்கள் என்று யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் நான் லேசில் விடமாட்டேன். தெளிந்த பிளாஸ்டிக் மணிகளை உலர்த்தி, உருக்கி, நிக்கல் அச்சில் வைத்து அழுத்த வேண்டும். மொத்தப் பாட்டும் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களாக அந்த அச்சில் இருக்கும். அது அப்படியே தட்டில் பதிந்துவிடும். சில நொடிகளுக்கு ஒன்றாக, சின்ன அப்பளம் அளவில் தட்டுகள் வந்து விழும். அப்போது அதில் பளபளப்பே இருக்காது; உள்ளங்கையில் வைத்தால் ரேகை தெரியும். அதற்கு மேல் அலுமினியத்தை மெல்லியதாகப் படிய வைத்த பிறகுதான் அதில் முகம் பார்க்க முடியும். கடைசியில் வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு, அதன் மேல் படமும் எழுத்தும். அலுமினியம் படிவதற்கு முன்னால் தட்டில் ஒரு துகள் விழுந்தால் போதும், அந்த இடத்தில் பூச்சு பிடிக்காது. டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் ஊசி குத்தினது போல ஓட்டை தெரியும். தட்டு குப்பைக்கு.

அதனால் என் சட்டங்கள் கடுமை. பூ கூடாது, பவுடர் கூடாது, குங்குமம் கூடாது. காகிதம்கூட உள்ளே வரக்கூடாது, அதிலும் தூள் உதிரும். உடை மாற்றும் அறை வாசலில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துத்தான் அனுப்புவேன். பிறகு தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, புருவம் வரை தொப்பி, மூக்கை மூடும் துணி, கையுறை. பெண்கள் என் முதுகுக்குப் பின்னால் என்னை எப்படித் திட்டினார்கள் என்பது எனக்குத் தெரியும். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவர்களில் ஒரு அக்கா பீர்க்கன்கரணை ஏரிப் பக்கத்திலிருந்து வந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தட்டு அடிக்கும் மிஷின் அவர் பொறுப்பு. ஒரு வருடமாகத் தற்காலிக வேலை. ஆயுத பூஜை முடிந்ததும் நிரந்தரமாக்கிக் கடிதம் தருவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். வீட்டுக்காரருக்குக் கட்டட வேலை, மழைக்காலத்தில் அதுவும் கிடையாது. அந்தக் கடிதத்தை நம்பித்தான் குடும்பமே இருந்தது.

பூஜை விடுமுறை முடிந்த காலையில், கம்பெனி வேனில் அக்கா ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். குன்றத்தூர் மலையேறிவிட்டு வந்திருந்தார்.

"கடுதாசி நல்லபடியா வரணும்னு முருகனாண்ட வேண்டிகினு வந்தேன் மேடம். இந்தாங்க, நீங்களும் இட்டுக்கோங்க."

பிரசாதத்தை யார் வேண்டாம் என்பார்கள்? இட்டுக்கொண்டேன். கம்பெனியில் இறங்கியதும் எல்லோரையும் குழாயடியில் நெற்றி கழுவ வைத்து, ஈரம் காய்வதற்குள் உள்ளே விரட்டினேன்.

அன்றைக்கு அடித்தது தீபாவளிக்கு வர வேண்டிய பக்திப் பாட்டுத் தட்டுகள். சாயங்காலம் லாரி வந்து நிற்கும். முதல் பத்துத் தட்டுகள் சுத்தம். மிஷினின் மூடியைத் திறந்து குனிந்து பார்த்தேன், எல்லாம் ஒழுங்கு. அடுத்து வந்த தட்டுகளில் ஓட்டை. பதறிப்போய் இன்னும் நன்றாகக் குனிந்து பார்த்தேன். ஓட்டை இரண்டு மடங்கு. துடைத்தேன், தேடினேன், மறுபடி குனிந்தேன். குப்பைத் தொட்டி நிறைந்துகொண்டே வந்தது.

எனக்குச் சட்டென்று அந்தப் பொட்டலம் ஞாபகம் வந்தது.

"விபூதியை உள்ளே கொண்டுவந்தீங்களா அக்கா?"

"முருகன் மேல சத்தியமா இல்ல மேடம். பொட்டலம் வெளிய பையில கீது."

நான் நம்பவில்லை. கண்ணாடிச் சுவருக்கு வெளியே வராந்தாவில் இருந்த போனில் மேனேஜரைப் பிடித்து, அக்காவைச் சுட்டிக் காட்டியபடியே புகார் சொன்னேன். "அப்படின்னா அந்த லெட்டரை நிறுத்தி வைக்கிறேன்" என்றார் அவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். காதில் விழாவிட்டாலும் என் விரல் அவரை நோக்கி நீண்டதே போதும். அவர் கண் நிறைந்துவிட்டது, கையுறையோடு துடைக்கவும் முடியவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

திரும்ப உள்ளே போனபோது அக்கா தட்டுகளை இரண்டு அடுக்காகப் பிரித்து வைத்திருந்தார்.

"சொல்றேன்னு கோச்சிக்காதீங்க மேடம். நீங்க போன்ல இருந்தப்போ வந்தது இது, ஒண்ணுலகூட ஓட்ட இல்ல. நீங்க எட்டிப் பாத்தாதான் ஓட்ட வுயுது."

"என்ன பேசறீங்க?"

அவர் புதிதாக வந்த ஒரு தட்டை எடுத்து என் மூக்குக்கு நேராக நீட்டிப் பிடித்தார்.

"புருவத்த கொஞ்சம் தூக்குங்க."

தூக்கினேன். தட்டில் பொலபொலவென்று நாலைந்து வெள்ளைப் பொடி விழுந்தது.

அத்தனை பேர் முகத்தையும் பார்த்து அனுப்பிய என் முகத்தைப் பார்க்க வாசலில் ஆள் இல்லை. பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது. முதலில் சிரித்தது அக்காதான். அழுத கண்ணோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை.

தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மேனேஜர் அறைக்கு ஓடினேன். "சார், அந்தத் தூசி நான்தான் சார்." அவர் என் நெற்றியைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் சிரித்தார். "அவங்க கண்டுபிடிச்சாங்களா? நீங்க இல்லையா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு என்னிடமே கொடுத்தார்.

காகிதத்தை உள்ளே கொண்டுபோக முடியாது. வராந்தாவிலிருந்தே அதை விரித்துக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் பிடித்தேன். அக்கா கிட்டே வந்து தன் பெயரைத் தேடி, எழுத்துக் கூட்டிப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். பிறகு பக்கத்தில் இருந்த பெண்ணைக் கட்டிக்கொண்டு குதித்தார். மற்றவர்களும் ஓடி வந்தார்கள். வெள்ளை உடுப்புகளெல்லாம் சேர்ந்து குதித்தன. ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. மிஷின் பாட்டுக்குத் தட்டுகளைப் போட்டுக்கொண்டே இருந்தது, எடுக்க ஆள் இல்லை. அதட்ட வேண்டியது என் வேலை. நான் வராந்தாவில் குதித்துக்கொண்டிருந்தேன்.