ஒரு லோடு ஆத்தா மண்

காசிமாயனுக்கு வாய் நீளம். போடி ஜீப்பு ஸ்டாண்டில் இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. பட்டாளத்தார் வேண்டாம் என்று தள்ளிவிட்ட ஒரு ஜீப்பில், ஏழெட்டுப் பேர் உட்காரும் இடத்தில் இருபது பேரை அடைத்து, போடிமெட்டுக்கு மேலே கேரளத்துப் பக்கம் இருக்கும் ஏலத்தோட்டங்களுக்கு ஏற்றிக்கொண்டு போவான். திரும்பி வரும்போது ஏலக்காய் மூட்டை. பிரேக்கு பிடித்தால் பிடிக்கும், பிடிக்காவிட்டால் இல்லை. அதனால் வளைவுக்கு வளைவு ஒரு சாமியைக் கூப்பிட்டு எதையாவது நேர்ந்துகொள்வான். இந்த வளைவில் கருப்பனுக்குச் சேவல், அடுத்த வளைவில் முனியாண்டிக்குச் சுருட்டு. வளைவு தாண்டியதும் சேவலும் மறந்துவிடும், சுருட்டும் மறந்துவிடும். அந்த மலையில் இருந்த சாமிகளும் அவனிடம் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை.

வீரபாண்டி மாரியம்மனிடம் மட்டும் அவன் விளையாட மாட்டான். சின்ன வயதில் அம்மை வந்து பிழைத்தவன். முகமெல்லாம் தழும்பு. “ஆத்தா என்னைத் தொட்டுப் பாத்துட்டு விட்டுட்டா, மறுபடி தொட வைக்கக் கூடாது” என்பான்.

எழுபத்து மூன்றாம் வருஷம் மாசியில் அவன் பெண்டாட்டி சுருளியம்மாள், தோட்டத்துக் கூலிக்காரர்களின் வரிசைவீடான லயத்தில் ஓர் ஆண் பிள்ளையைப் பெற்றாள். சோலைமலை என்று பேர் வைத்தார்கள். மூக்கும் முழியுமாக நல்ல பிள்ளை. பாதங்கள்தான் இரண்டும் உள்பக்கமாக மடங்கி, உள்ளங்கால்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. காசிமாயனின் அக்கா அன்னக்கொடி அடுத்த லயத்தில் குடியிருந்தவள். வந்தாள், பார்த்தாள், தீர்ப்புச் சொன்னாள்.

“கெரகணத்தன்னைக்கு வெளிய திரிஞ்சிருக்கா. அதான் பிள்ளைக்குக் கால் மடங்கிருச்சு.”

பிள்ளை பெற்ற உடம்போடு பாயில் கிடந்த சுருளியம்மாள் சும்மா இருக்கவில்லை. “கெரகணத்துக்குக் கங்காணி லீவு குடுத்தானா மதினி? ஒங்க தம்பி சம்பாத்தியத்துல நான் கால் நீட்டி உக்காந்திருந்தா, எந்தக் கெரகணம் என்னைப் பாக்கப் போகுது?”

காசிமாயன் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று பிள்ளையின் பாதத்தைத் தடவிக்கொண்டிருந்தான்.

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் காட்டினார்கள். பிஞ்சு எலும்புதான், கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தி மாவுக்கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். அதிலிருந்து ஜீப்பில் போடி, போடியிலிருந்து ரயிலில் மதுரை, பழைய கட்டை வெட்டிப் புதுக் கட்டு, மறுபடி மலை என்று ஒரு வருஷம் ஓடியது. மலையில் ஆறு மாதம் மழை. மாவுக்கட்டு நமுத்துப்போகும். சுருளியம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் போய், சூட்டுக் குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து கட்டைக் காயவைத்துக்கொண்டு வருவாள். மதுரையில் டாக்டர் அதை வெட்டும்போது முகர்ந்து பார்த்துவிட்டு, “ஏம்மா, பிள்ளையப் பாயசத்துல போட்டு எடுத்தியா?” என்று கேட்டார்.

மறு வருஷம் சித்திரையில் கட்டு கடைசியாக அவிழ்ந்தது. பாதங்கள் நேராக இருந்தன. மெலிந்து, தோல் வெளுத்து, ஆனால் நேராக. டாக்டர் நடுவில் இரும்புப் பட்டை வைத்த ஒரு ஜோடிச் சப்பாத்தைக் கொடுத்தார்.

“ராத்திரிக்கு இதை மாட்டி விடுங்க. பகல்ல வெறுங்காலோட தரையில விடுங்க. மத்த பிள்ளைகளைவிடக் கொஞ்சம் பிந்தித்தான் நடப்பான். அதுக்காகப் பயப்படவும் வேண்டாம், இடுப்புல தூக்கிவச்சுக்கிட்டுத் திரியவும் வேண்டாம்.”

இதோடு வீட்டுக்குப் போயிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் அது வீரபாண்டித் திருவிழா நேரம். வழியில் இறங்கி ஆத்தாவைக் கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்றான் காசிமாயன். தீச்சட்டிக்காரர்களும் மேளமும் கூட்டமுமாக இருந்தது. மகனின் நேரான பாதத்தை அந்தக் கூட்டத்துக்கு மேலே தூக்கிக் காட்டியபோது அவனுக்குச் சந்தோஷம் தலைக்கு ஏறிவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினான்:

“ஆத்தா! எம்மகன் ஒம்மண்ணுலதான் மொத நடை நடப்பான்! அதுவரைக்கும் வேற மண்ணை மிதிக்க விட மாட்டேன்!”

சுருளியம்மாள் அவன் விலாவில் கிள்ளினாள். கிள்ளு விழுந்தபோது வாக்கியம் முடிந்திருந்தது. சரி, நேர்ந்ததை உடனே தீர்த்துவிடலாம் என்று பிள்ளையை இறக்கி நிறுத்திப் பார்த்தான். அன்று காலையில்தான் மாவுக்கட்டை விட்டு வெளியே வந்த கால்கள் துணி மாதிரி மடிந்தன. சோலைமலை உட்கார்ந்து வீறிட்டான்.

அப்புறம் தொடங்கியது கூத்து. நேர்ந்த நேர்த்தி கருப்பனுக்கு இல்லை, மாரியம்மனுக்கு. பிள்ளையின் கால் தரையில் படக் கூடாது. கட்டிலில் இருந்து இடுப்புக்கு, இடுப்பிலிருந்து ஜீப்பு சீட்டுக்கு, சீட்டிலிருந்து தோளுக்கு என்று ஜமீன்தார் கணக்காகச் சோலைமலை வளர்ந்தான். காய் எடுக்கப் போகும் பெண்கள் ஆளுக்கொரு நேரம் இடுப்பில் வாங்கிக்கொண்டார்கள். பையன் நாளுக்கு நாள் கனத்தான். “நடக்க மாட்டேங்குறானே, பாவம்” என்று எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். நடக்க விட்டால்தானே நடப்பான் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சுருளியம்மாளுக்குத் தோன்றியது. ஆனால் அவளுக்கும் பயம். ஆத்தாவிடம் கொஞ்சம், மதினியிடம் நிறைய. நேர்த்தியை மீறிப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், ஆயுசுக்கும் அன்னக்கொடியின் வாயில் விழ வேண்டும்.

ஆடியில் மதுரைக்குக் காட்டப் போனார்கள். டாக்டர் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார், கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தார். முகம் மாறியது.

“தரையில விடுறீங்களா?”

காசிமாயன் கூரையைப் பார்த்தான். சுருளியம்மாள் காசிமாயனைப் பார்த்தாள். பிறகு அவளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. “பாதம் மறுபடி உள்ள திரும்ப ஆரம்பிச்சிருக்கு. ஊன்றி நின்னாத்தான் அது நேரா நிக்கும். மழைக்காலம் முடியறதுக்குள்ள பையன் நடக்கலைன்னா, திரும்ப முதல்ல இருந்து மாவுக்கட்டு. இந்தத் தடவை சரியாகுமான்னு என்னால சொல்ல முடியாது” என்றார்.

ரயிலில் சுருளியம்மாள் பிள்ளையின் கெண்டைக்காலை நீவிக்கொண்டே வந்தாள். போடியில் இறங்கியதும் பேசினாள். அவள் பேசியதில் அச்சில் ஏற்றக்கூடியது கொஞ்சம்தான். “சாமிகிட்ட வாய் குடுக்குறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாய்யா நீ?” என்பது அதில் ஒன்று.

மறுநாளே ஜீப்பை எடுத்துக்கொண்டு வீரபாண்டிக்குப் போனார்கள். திருவிழா இல்லாத கோயில் வெறிச்சோடிக் கிடந்தது. வாசல் மணலில் பிள்ளையை நிறுத்தினார்கள். உட்கார்ந்தான். தூக்கி நிறுத்தினார்கள். உட்கார்ந்து ஒரு வாய் மணலைத் தின்றான். பொழுது சாய்ந்துவிட்டது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பூசாரி கொட்டாவி விட்டார்.

“இதென்ன ஒரு நாள்ல ஆகிற சோலியா? பிள்ளை நடை பழக மாசக்கணக்காகும்டா.”

“கேட்டியா?” என்றாள் சுருளியம்மாள். “வேற மண்ணுல பழகக் கூடாது. இங்க மாசக்கணக்கா குடியிருக்கவும் முடியாது. என்ன செய்யப் போறே? கோயிலைத் தூக்கி ஜீப்புல போட்டுக்கிட்டு மலைக்கு ஏறப் போறியா?”

எரிச்சலில் சொன்னதுதான். காசிமாயன் ஜீப்பைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். மறுபடி ஜீப்பைப் பார்த்தான். பத்து வருஷமாக லோடு ஏற்றுகிறவனுக்கு அந்தப் பார்வை தானாக வரும்.

“பூசாரியண்ணே, மம்பட்டி இருக்கா?”

அந்த வருஷம் தமிழ்நாட்டு அரிசி கேரளத்துக்குப் போகக் கூடாது என்று கெடுபிடி. ஜீப்பு நிறைய மூட்டையோடு காசிமாயன் போடிமெட்டு செக்போஸ்ட்டில் வந்து நின்றதும் அங்கிருந்த ஆபீசரின் முகம் மலர்ந்தது.

“என்ன லோடு?”

“மண்ணு சார்.”

“என்ன மண்ணு?”

“ஆத்தா மண்ணு சார். வீரபாண்டி ஆத்தா.”

ஆபீசர் மலையைக் காட்டினார். “மேல இருக்கிறது பூரா மண்ணுதானேய்யா? அதுக்கு மேல நீ எதுக்கு மண்ணைக் கொண்டு போறே?”

இது நியாயமான கேள்வி என்பது காசிமாயனுக்கே அப்போதுதான் உறைத்தது. பதில் தேடுவதற்குள் குத்தூசி மூட்டைக்குள் போய்விட்டது. மணல் கொட்டியது. அடுத்த மூட்டையிலும் மணல். சந்தேகம் தீரவில்லை, அதிகமாகியது. அடியில் அரிசி இருக்கும் என்று ஒரு மூட்டையை ரோட்டில் கவிழ்த்து, பூட்ஸ் காலால் கிளறினார் ஆபீசர்.

“சார், சார்! ஆத்தாளை மிதிக்கிறீங்க சார்! பூட்ஸைக் கழட்டுங்க!”

தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. ஆபீசர் வீட்டில் மகள் அம்மை போட்டுப் படுத்திருந்தாளாம். ஒற்றைக் காலில் நின்றபடியே பூட்ஸைக் கழற்றினார். சுருளியம்மாள் இடுப்பில் இருந்த பிள்ளையின் காலைக் காட்டி விவரத்தைச் சொன்னாள். அவர் ஒரு பிடி மண்ணைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். அதைப் பார்த்து டீக்கடைக்காரர் ஒரு பிடி, நின்ற பஸ்சில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பிடி. கவிழ்த்த மூட்டை அங்கேயே காலி.

லயத்து வாசலில் ஏல நாற்றுக்குப் பாத்தி கட்டுகிற மாதிரி சுற்றிலும் கல் வைத்து மணலைப் பரப்பினான். மேலே ஜீப்புப் படுதாவை இழுத்துக் கட்டினான். அவன் ஜீப்பை விட்டுவிட்டு வருவதற்குள் அன்னக்கொடி பாத்தியின் நடுவில் வேப்பங்குழையை நட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்து, சூடம் ஏற்றியிருந்தாள். லயமே விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தது. இனி அதில் யாரும் கால் வைக்கக் கூடாது என்று ஒரு பேச்சும் கிளம்பியது.

“தள்ளுங்க எல்லாரும்” என்று சுருளியம்மாள் பிள்ளையைக் கொண்டுபோய் நட்ட நடுவில் இறக்கினாள். சோலைமலை சுற்றிலும் பார்த்தான். பிறகு நிதானமாக மூத்திரம் போனான். சூடம் அணைந்தது.

அன்னக்கொடி தலையில் அடித்துக்கொண்டாள். “அய்யோ, ஆத்தா மண்ணுல!”

“ஆத்தான்னா பிள்ளை மோள்றது தெரியாதா மதினி?” என்றாள் சுருளியம்மாள்.

அதிலிருந்து சாயங்காலம்தோறும் காசிமாயன் அந்தப் பாத்தியில்தான் கிடந்தான். ஜீப்பின் கடைசி நடையைத் தவறவிட்டான், ஜீப்பு முதலாளியிடம் திட்டு வாங்கினான், சீட்டாட்டத்தை மறந்தான். இரண்டு விரலை மகனிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தே நடந்து முதுகு பிடித்துக்கொண்டது. பையன் எழுந்தான், விழுந்தான், வேப்பங்குழையைப் பிடுங்கி எறிந்தான். புரட்டாசி முடியும்போது கையை விட்டு நின்றான். நின்று, கொஞ்சம் யோசித்து, பொத்தென்று உட்கார்ந்துவிடுவான். எட்டு மட்டும் வைக்க மாட்டான்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. சரிவில் வந்த தண்ணீர் கல்லை உருட்டிவிட்டு மணலை இழுத்துக்கொண்டு ஓடியது. ரோட்டில் மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டுக் கிடந்தது. இன்னொரு லோடு கொண்டுவர வழியில்லை. ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் மணல் மிச்சம் இருந்தது. மதுரை டாக்டர் சொன்ன மழைக்காலம் கண் முன்னாலேயே கரைந்துகொண்டிருந்தது.

மழை சற்று வெறித்த ஒரு மத்தியானம், காசிமாயன் வாசலுக்குக் கீழே சேற்றில் முட்டி போட்டு, ஓடிப்போன மணலைச் சட்டியில் அள்ளினான். முதல் பிடி வெளுப்பாக இருந்தது. அடுத்த பிடியில் பாதி கறுப்பு. அதற்கடுத்த பிடியைக் கையில் வைத்துப் பிசைந்து பார்த்தான். எது ஆத்தா மண், எது தோட்டத்து மண் என்று தெரியவில்லை. கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தான், அப்போதும் தெரியவில்லை. என் வாயால் என் பிள்ளையின் காலைக் கெடுத்துவிட்டேனே என்று நினைத்தான். அழுகை வந்தது. யார் பார்க்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல், மூக்கு ஒழுக அழுதுகொண்டே அள்ளினான்.

முதுகில் ஈரமாக ஏதோ பட்டது. லயத்து நாய் என்று நினைத்து, திரும்பாமலே “ச்சீ, போ” என்றான். அது போகவில்லை. சட்டையைப் பிடித்து இழுத்தது.

திரும்பினான். சோலைமலை நின்றுகொண்டிருந்தான். கை பிடிக்க யாரும் இல்லை. பாத்தியிலிருந்து அவன் முதுகு வரைக்கும் சேற்றில் தடம் இருந்தது, குதிகாலில் இருந்து விரல் வரை முழுசாகப் பதிந்த குட்டிக் குட்டித் தடம்.

“டேய் தம்பி, தூக்குடா! வெரசா தூக்கு, வேற மண்ணுடா!” என்று வாசலில் அன்னக்கொடி அலறினாள்.

“தூக்குனே, கையை ஒடிச்சிருவேன்” என்றாள் சுருளியம்மாள்.

தூக்கத்தான் கை போனது. மகனின் அக்குள் வரை போய்விட்டு, காசிமாயன் கையை இழுத்துக்கொண்டான்.

“கோவம்னா எம்மேல காட்டு ஆத்தா” என்று சத்தமாகவே சொன்னான். “அவன் கால்ல மட்டும் கை வச்சிராத.”

சட்டியைத் தள்ளி வைத்தான். மகனுடைய பிடியிலிருந்து சட்டையை மெதுவாக விடுவித்தான். முட்டி போட்டபடியே சேற்றில் ஓர் அடி பின்னால் நகர்ந்து, இரண்டு கையையும் நீட்டினான்.

“வா சோலை. வா அப்பு. அப்பாகிட்ட வா.”

பையன் யோசித்தான். ஒரு காலைத் தூக்கி வைத்தான். பிறகு மற்றதை.

காசிமாயன் இன்னும் கொஞ்சம் பின்னால் நகர்ந்தான்.