வேண்டாமா?

அண்ணிக்குக் கேள்வி என்றாலே பயம். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஓர் அதிகாரி, "உங்களுக்கு இங்கே வேலை எதுவும் இல்லையே?" என்று அவர்கள் மொழியில் கேட்டார். இல்லை என்று ஒப்புக்கொள்வதாக நினைத்து அண்ணி, நம் வழக்கப்படி "ஆமாம்" என்றார். அவர்கள் மொழியில் அந்தப் பதிலுக்கு நேர் எதிர்ப் பொருள்; வேலை இருக்கிறது என்று எழுதிக்கொண்டார்கள். திருத்த ஏழு மாதம் அலைந்தார்.

இப்போது சலவைக்கடைக்கு மேல்மாடியில், மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் வாக்குமூலங்களைக் கேட்டுத் தட்டச்சு செய்கிறார். லிஸ்ப் என்ற கணினி மொழியில் எழுதிய, எடிட்டர் எனப்படும் பழைய தட்டச்சு மென்பொருள்தான் அவருக்குக் கைவந்தது. கோப்பை மூடும்போது அது ஆங்கிலத்தில் சேமிக்கலாமா என்று கேட்கும். "யெஸ்" என்று முழுதாகத் தட்ட வேண்டும். தமிழில் கேட்கிற மாதிரி மாற்றித் தா என்றார், நிரல் எழுதத் தெரிந்த என்னிடம். எனக்கு விடுமுறையான ஒரு நாள் காலையில் போய், தமிழில் கேட்டு ஒரே விசையில் பதில் வாங்கும்படி மாற்றிக் கொடுத்தேன். தானாகச் சேமிக்கும் வசதியை, குப்பைக் கோப்புகள் சேர்கின்றன என்று, அவர் எப்போதோ நிறுத்தச் சொல்லியிருந்தார்.

அன்று எட்டு மணிக்கு ஓர் அம்மா வந்தார். மகனை இந்த நாட்டுக்கு அழைத்துக்கொள்ள அனுமதி கேட்கும் விசாரணை அன்றே பகல் இரண்டு மணிக்கு. இரண்டரை மணி நேரம் அழுதழுது சொன்னார். நடுவில் ஒருமுறையும் சேமிக்காமல் எல்லாம் அடித்து முடித்து அண்ணி கோப்பை மூடினார். திரையில் என் கேள்வி வந்தது: "சேமிக்க வேண்டாமா?"

சேமித்தாக வேண்டாமா என்று நினைவூட்டுவதாகவே அண்ணி படித்தார். பின்னே, சேமிக்காமல் விடுவார்களா? ஆமாம் என்பதற்கான "ஆ" விசையை அமுக்கினார். "ஆமாம், சேமிக்க வேண்டாம்" என்று நான் எழுதிய நிரல் எடுத்துக்கொண்டது. மறுபடி திறந்தபோது கோப்பு வெறுமையாக இருந்தது.

"தம்பி, எல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டார். எல்லா இடத்திலும் தேடினேன். என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது.

நடைவழியில் காத்திருந்த அம்மாவிடம் அண்ணியே போய்ச் சொன்னார். அந்த அம்மா பதறிக் கேட்டார்:

"நான் சொன்னது பொய்னு நெனச்சிட்டாங்களா?"

"இல்லம்மா. நாங்கதான் அழிச்சிட்டோம். தப்பு எங்க மேல."

மறுபடி முதலிலிருந்து சொல்ல அந்த அம்மாவுக்குத் தெம்பில்லை. அதனால் அண்ணி நினைவிலிருந்து சொல்லிக்கொண்டே தட்டச்சு செய்ய, அவர் சரி பார்த்தார். "மாடிக்கு ஓடினீங்க." "ம்." "பையன் கீழ நின்னான்." "இல்ல, படிக்கட்டுல." எதையும் "இல்லையா", "வேண்டாமா" என்று அண்ணி கேட்கவில்லை. ஒவ்வொரு பத்திக்கும் என்னைச் சேமிக்கச் சொன்னார். நான் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றே முக்காலுக்கு அச்சிட்டோம். அந்த அம்மா தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கி ஓடினார். விசாரணையில் வாங்கிக்கொண்டார்கள், முடிவு இன்னும் வரவில்லை.

அந்தக் கேள்வியையே நீக்கிவிட்டேன். இப்போது மூடினால் எடிட்டர் கேட்காமலே சேமித்துவிடும். சோதித்தும் காட்டினேன்.

"சரி தம்பி" என்றார் அண்ணி. ஆனால் அந்த அம்மாவின் கோப்பை அவர் இன்னும் மூடவில்லை. தினமும் மாலையில் திரையை மட்டும் அணைத்துவிட்டு வீட்டுக்கு வருகிறார்.