வெம்பக்கோட்டைக் கச்சேரியில் விசிலடித்தவன்

இது நிஜமாக நடந்தது. நடந்தது பட்டப்பகலில். நான் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் பேப்பர் வெட்டுகிற மிஷினில் நிற்கிறவன். கையை உள்ளே விட்டால் விரல் போகும் என்பதைத் தவிர வேறு எதற்கும் பயந்து வளரவில்லை. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். இப்போது நானே சொல்ல வேண்டியிருக்கிறது. வாயால் சொல்ல வழியில்லை. அதனால் எழுதுகிறேன்.

சாத்தூரில் 'திரி' என்று ஒரு ராக் பேண்ட் இருந்தது. நாலு பேர். எல்லாம் தீப்பெட்டி ஆபீஸ் வீட்டுப் பையன்கள். கிட்டாரும் டிரம்ஸும் வைத்துக்கொண்டு பொருட்காட்சி, கம்பெனி விழா என்று கொஞ்ச காலம் வாசித்தார்கள். கேசட், சிடி ஒன்றும் போடவில்லை. பாடுகிறவன் குவைத்துக்குப் போனதும் பேண்ட் முடிந்தது. மிச்சம் இருப்பது, கூட்டத்தில் நின்று போனில் பிடித்த ரெக்கார்டுகள் மட்டும்தான். அவற்றைச் சேர்க்கிற பைத்தியங்கள் நாற்பது பேர் இருக்கிறோம். வாட்ஸப்பில் ஒரு குரூப்.

எங்களுக்குள் சில முறைகள் உண்டு. காசு கிடையாது. ஒன்று வாங்கினால் ஒன்று கொடுக்க வேண்டும். ரெக்கார்டு பண்ணுகிறவன் ஆரம்பத்திலேயே ஊர், தேதி, தன் பெயர் மூன்றையும் சொல்லிவிட வேண்டும். முக்கியமான முறை, எதையும் வெட்டக் கூடாது. கூட்டத்தின் இருமல், கெட்ட வார்த்தை எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். கேட்டுக் கேட்டு, முன்வரிசையில் யார் நிற்கிறார்கள் என்பதுகூட எங்களுக்குத் தெரியும்.

அப்படித் தெரிந்த ஆள் செல்லப்பாண்டி. என் கூட்டாளி. பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவன். முன்பல் பாதி உடைந்திருக்கும். அந்தச் சந்து வழியாக விசிலடித்தால் டிரம்ஸையும் தாண்டிக் கேட்கும். ஏழு ரெக்கார்டுகளில் அந்த விசில் இருக்கிறது.

யாரிடமும் இல்லாதது வெம்பக்கோட்டை ஷோ. அங்கே ஒரு பட்டாசுக் கம்பெனியின் ஆயுத பூஜைக்கு வாசித்தார்கள் என்று மட்டும் கேள்வி.

போன மாதம் குரூப்பில் ஒரு புது எண் சேர்ந்தது. படம் இல்லை. பெயர் இல்லை. மறுநாள் எனக்குத் தனியாகச் செய்தி வந்தது.

"வெம்பக்கோட்டை ஷோ இருக்கு. சாத்தூர் ரெக்கார்டுல ஒருத்தர் விசிலடிக்காரே, அதை மட்டும் வெட்டிக் கொடுங்க. பாட்டு வேண்டாம்."

டீக்கடையில் செல்லப்பாண்டியிடம் காட்டினேன். அவன் வாயில் இருந்த வடை வெளியே வருகிற அளவுக்குச் சிரித்தான்.

"பாட்டை விட்டுட்டு என் விசிலைக் கேக்கானா? நான் அம்புட்டுப் பெரிய ஆளாலே?"

"வெட்டக் கூடாதுன்னு முறை இருக்குல்ல."

"என் விசிலுக்கு நான்தானலே முதலாளி. அனுப்பி விடு. வந்ததும் எனக்குப் போட்டுக் காட்டணும், ஆமா."

சாத்தூர் ஷோ நான் பிடித்தது. பேப்பர் வெட்டுகிறவனுக்கு இது பெரிய வேலையா? விசிலை மட்டும் வெட்டி எடுத்தேன். அனுப்பினேன். உடனே பதிலுக்கு ரெக்கார்டு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கேட்டேன். வீட்டில் யாரும் இல்லை. கரண்ட் இல்லை. காதில் இயர்போன்.

ஆரம்பத்தில் ஊர் பெயர் இல்லை. தேதி இல்லை. யாரோ மூச்சு விடுகிற சத்தம் மட்டும்... ரொம்பப் பக்கத்தில்.

பிறகு டிரம்ஸ். கிட்டார். திரிதான். சந்தேகமே இல்லை. முதல் பாட்டு முடிந்தது. கூட்டம் கத்தவில்லை. ஒரு பொம்பளைக் குரல் மட்டும் கேட்டது.

"தண்ணி... கொஞ்சம் தண்ணி..."

இரண்டாவது பாட்டு முடிந்ததும் கைதட்டினார்கள். அந்தச் சத்தம் சரியில்லை. ஈரத்துணியை ஈரத்துணி மேல் அடிப்பது மாதிரி... சத்... சத்... சத்...

மூன்றாவது பாட்டு. நடுவில் விசில்.

செல்லப்பாண்டியின் விசில்.

நான் அனுப்பியதை ஒட்டவைத்து விளையாடுகிறான் என்று முதலில் நினைத்தேன். ஆனால் விசில் முடிந்ததும் இருமல் வந்தது. செல்லப்பாண்டியின் இருமல். அதை நான் அனுப்பவில்லை. அப்புறம் அவன் குரல்...

"தண்ணி இருக்கா?"

போன் போட்டேன்.

"என்னலே, தூங்க விடமாட்டியா?"

"நீ வெம்பக்கோட்டை ஷோவுக்குப் போனியா?"

"அன்னைக்கு எனக்கு அம்மை போட்டிருந்துச்சுலே. மறந்துட்டியா?"

"ஒரு விசிலடி."

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் விசிலா? வெளங்கிரும்."

சிரித்துக்கொண்டே அடித்தான். சத்தம் வரவில்லை. மறுபடி அடித்தான். ஃப்பூ... ஃப்பூ...

"காத்துதான்லே வருது."

இப்போது அவன் சிரிக்கவில்லை.

சாத்தூர் ரெக்கார்டைத் திறந்தேன். நான் வெட்டியது ஒரு பிரதியைத்தான். மூலம் அப்படியே இருந்தது. விசில் வர வேண்டிய இடம் வந்தது... வெறும் டிரம்ஸ். மற்ற ஆறையும் கேட்டேன்.

ஒன்றிலும் அவன் இல்லை.

திரும்பக் கூப்பிட்டேன். "நாளைக்கு வேலைக்குப் போகாதலே."

"சீசன் நேரம். போகாட்டி உங்கப்பனா சோறு போடுவான்?"

திங்கள் காலை. மிஷினில் நிற்கிறேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அப்புறம்தான் சத்தம் வந்தது. எங்கள் ஊரில் இதற்கு யாரும் அலற மாட்டார்கள். புகை எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள். நம்மாள் அந்தப் பக்கமா என்று பார்ப்பார்கள்.

அந்தப் பக்கம்தான்.

ஆஸ்பத்திரியில் அவன் மனைவி முருகேஸ்வரியிடம் மூன்று உடம்புகளைக் காட்டினார்கள். எதிலும் முகம் இல்லை. அவள் குனிந்து பல்லைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாள்.

அந்தப் பல் உடைந்த ஆள் கடைசிவரை தண்ணீர் கேட்டான் என்று தூக்கி வந்தவர்கள் சொன்னார்கள்.

காரியத்துக்குப் பாண்டிமுருகன் வந்திருந்தார். திரியில் டிரம்ஸ் வாசித்தவர். இப்போது சாத்தூரில் ஆட்டோ ஓட்டுகிறார். வெம்பக்கோட்டை ஷோ பற்றிக் கேட்டேன்.

"அங்கன நாங்க வாசிக்கவே இல்லையே."

"ஆயுத பூஜைக்கு..."

"மேடை போட்டாச்சு. வேனு பாதி வழி போயிருச்சு. அதுக்குள்ள ஷெட்டு வெடிச்சிருச்சு. அம்புட்டுப் பேரும் போயிட்டாக. கேக்கதுக்கு ஆளு இருந்தாத்தானே தம்பி வாசிக்க?"

வருஷா வருஷம் ஏதாவது ஒரு ஷெட்டு வெடிக்கிற பக்கம்; அது அந்த ஷோ நாளில்தான் என்று எங்களுக்குத் தெரியாமல் போயிற்று. இயர்போனை அவர் காதில் வைத்தேன். கொஞ்ச நேரம் கேட்டார். விரல்கள் தொடையில் தாளம் போட்டன. சட்டென்று நின்றன.

"அடிக்கது நான்தான்" என்றார். இயர்போனைப் பிடுங்கி என் மடியில் போட்டுவிட்டு எழுந்து போனார். சாப்பிடவில்லை.

ரெக்கார்டை அழித்தேன். அந்த எண்ணைத் தடுத்தேன்.

நேற்று குரூப்பில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு செய்தி. வேறு எண். படம் இல்லை.

"வெம்பக்கோட்டை ஷோ யாருக்கு வேணும்? சாத்தூர் ரெக்கார்டு ஆரம்பத்துல ஊர் பேர் சொல்ற குரலை மட்டும் வெட்டிக் கொடுங்க."

அந்த ரெக்கார்டு இப்படித்தான் ஆரம்பிக்கும். 'சாத்தூர்' என்று ஊர், அப்புறம் தேதி, அப்புறம் 'ரெக்கார்டு பண்ணுறது கருப்பணன்.'

அது நான்.

அந்த ரெக்கார்டு நாற்பது பேரிடமும் இருக்கிறது. நானே கொடுத்தது.

யாரும் கொடுக்காதீங்க என்று எழுதினேன். செல்லப்பாண்டி செத்த கதையை முழுசாக எழுதினேன். சிரிக்கிற பொம்மைகள் வந்தன. "தான் மட்டும் வச்சுக்கப் பாக்கான்" என்று ஒருவன் போட்டான். அதற்குப் பதினோரு பேர் கட்டைவிரல் காட்டினார்கள்.

இன்று காலை ஒருவன் எழுதியிருந்தான். "கிடைச்சிருச்சு. சத்தம் அருமை. ஆரம்பத்துல யாரோ ஊர் பேர் சொல்றாரு. ரொம்ப மூச்சு வாங்குது அவருக்கு."

என் சாத்தூர் ரெக்கார்டைத் திறந்தேன்.

எடுத்த எடுப்பில் டிரம்ஸ்.

பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட வாயைத் திறந்தேன்...

காற்றுதான் வந்தது.