ஒன்பதாம் நம்பர் ஜெர்சிக்குள் இருந்தவன்

கோல் அடிக்கிறவனின் தொழில், ஆட்டத்தில் முக்கால்வாசி நேரம் சும்மா நிற்பதும், மீதி நேரத்துக்கு ஊரெல்லாம் ஏச்சு வாங்குவதும்தான். நான் சென்னை கால்பந்து லீகில் பதினோரு சீசன் சம்பளத்துக்கு ஆடிய ஃபார்வர்டு. அதன் பிறகு இன்றுவரை ஆட்டக்காரர்களுக்காகக் கொடி பிடிக்கிறவன். பள்ளிக்கூடத்தில் படித்ததைவிடத் தொழிற்சங்க நோட்டீஸில் படித்தது அதிகம் என்பதால், எதையும் நம்பர் போட்டுச் சொல்லித்தான் பழக்கம். எங்களுக்கு நடந்த அநியாயங்களை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

ஒன்று: எங்கள் பதிவு கார்டுகளைக் கிளப் செகரட்டரி தன் வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டினார். அவர் மனம் வைத்தால்தான் நாங்கள் வேறு டீமுக்குப் போக முடியும். இரண்டு: சாயங்கால ஆட்டமெல்லாம் பெரிய டீம்களுக்கு, மே மாதத்து மத்தியான வெயில் எங்களுக்கு. மூன்று: காலில் அடிபட்டால் ஒரு ஐஸ் கட்டியும், "சரியானதும் வா" என்ற ஆறுதலும். நான்கு: ஆரோக்கியராஜ் அடித்த கோல்கள் ஆரோக்கியராஜ் பேரில் ஏறவில்லை.

முதல் மூன்றுக்கும் நோட்டீஸ் போட்டேன், தர்ணா உட்கார்ந்தேன், பாதிக்குப் பாதி ஜெயித்தும் விட்டேன். நான்காவதுதான் தொண்டையில் மாட்டிக்கொண்டது. நீங்கள் செய்த வேலையை இன்னொருவர் பேரில் எப்போதாவது படித்திருந்தால் நீங்களும் எங்கள் டீம்தான், வந்து உட்காருங்கள். போன வருடம் அடையாறில் ஒரு பள்ளிக்கூடம் ஆரோக்கியராஜைக் கோச்சாக எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. முதல் டிவிஷனில் ஆடியதற்கு லீக் சான்றிதழ் ஒன்று மட்டும் கேட்டார்கள். லீக் புத்தகத்தில் அப்படி ஓர் ஆளே கிடையாது. ஏன் கிடையாது என்பதுதான் இனி வருவது.

சீல் விழுந்த முகம்

எங்கள் செகரட்டரி மயிலாப்பூர்க்காரர். காலையில் பட்டினப்பாக்கம் கடற்கரையில் நடக்கிறவர். வலை காயப்போட்ட இடத்துக்குப் பக்கத்தில் கடலுக்குப் போய் வந்த ஆட்கள் பந்து ஆடுவதை ஒருநாள் நின்று பார்த்தார். அன்று மாலையே ஆரோக்கியராஜை கிரவுண்டுக்கு அழைத்து வந்துவிட்டார். அவனுக்கு அப்போது இருபத்தொரு வயது. ஆனால் அந்த வருடப் பதிவு முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. செகரட்டரி அதற்கும் வழி வைத்திருந்தார். அவருடைய அண்ணன் மகன் ஹரிகிருஷ்ணன் பேரைச் சும்மா ஒரு சர்டிஃபிகேட்டுக்காகப் பதிவு செய்திருந்தார்கள். பையன் அதற்குள் அமெரிக்காவுக்குப் படிக்கப் போய்விட்டான். கார்டில் இருந்த போட்டோவில் சீல் சரியாக மூக்கின் மேல் விழுந்திருந்தது. யாருக்கு வேண்டுமானாலும் பொருந்துகிற முகம். ஒரு சீசன்தானே, அடுத்த வருடம் உன் பேரிலேயே ஆடு என்றார் செகரட்டரி.

ஆட்டத்துக்கு முன்னால் எங்களை வரிசையாக நிறுத்தி, ரெஃப்ரி பட்டியலைப் பார்த்து நம்பரையும் பேரையும் உரக்கப் படிப்பார். பேருக்குரியவன் ஓர் அடி முன்னால் வந்து "பிரசண்ட் சார்" சொல்ல வேண்டும். அவனுடைய முதல் ஆட்டத்துக்கு வந்த ரெஃப்ரி ஒரு டிரில் மாஸ்டர். விசில் இல்லாமலே விசில் மாதிரி குரல். "ஒன்பது, ஹரிகிருஷ்ணன்" என்று படித்தார். ஆரோக்கியராஜ் அந்தண்டை மரத்தில் உட்கார்ந்திருந்த காக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தான். டீம் கேப்டன் நான், பக்கத்தில் நின்றேன். முழங்கையால் ஒரு இடி கொடுத்தேன். திடுக்கிட்டு முன்னால் போனான். ரெஃப்ரி அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏம்பா, உன் பேரு உனக்கே மறந்துபோச்சா?"

புல் திருப்பிக் கொடுத்த கால்

மணலில் ஓடுகிறவன் ஒவ்வொரு அடிக்கும் காலைப் பிடுங்கி எடுக்க வேண்டும். அவன் பிறந்ததிலிருந்து பிடுங்கிப் பிடுங்கியே ஓடியவன். முதல் நாள் பயிற்சி முடிந்ததும், புல்லு காலைத் திருப்பிக் குடுக்குதுண்ணா என்று ஏதோ அதிசயம் மாதிரி என்னிடம் சொன்னான். அவன் ஓடியதைப் பார்த்த எங்களுக்குத்தான் அது அதிசயம்.

மூன்றாவது ஆட்டத்தில் ஒரு கார்னர். நான் பெனால்டி பாக்ஸுக்குள் கையைத் தூக்கி, இங்கே போடு இங்கே போடு என்று கத்திக்கொண்டிருந்தேன். ஃபார்வர்டு என்றால் கத்த வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அவன் கோலுக்கு முதுகைக் காட்டி வாய் திறக்காமல் நின்றான். பந்து அவன் நெஞ்சில் விழுந்தது. நெஞ்சிலிருந்து தொடைக்கு இறங்கியது. தரையைத் தொடுவதற்குள் அவன் திரும்பிவிட்டான். எப்போது திரும்பினான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பந்து வலைக்குள் போய் அடங்கிய பிறகும் என் கை மேலேதான் இருந்தது. பதினாறு வயதிலிருந்து நான் கற்றுக்கொண்டதெல்லாம் அந்தக் கையில் தொங்குவது போல இருந்தது. மெதுவாக இறக்கினேன்.

அவன் கூத்தாடவில்லை. வலைக்குள் போய்ப் பந்தை எடுத்து, ஜெர்சியில் துடைத்து, கீழே கிடந்த கோல்கீப்பரிடம் கொடுத்துவிட்டு வந்தான். கோல்கீப்பர் காதோரம் நரைத்த பழைய ஆள், யாரையும் மதிக்காதவர். ஆட்டம் முடிந்ததும் எங்கள் பெஞ்சுக்கு வந்து இவன் பேரென்ன என்று கேட்டார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஹரிகிருஷ்ணன் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார்: "எந்தப் பேரா வேணா இருக்கட்டும். நான் இன்னிக்கு கோல் வாங்கல தம்பி. நின்னு பாத்துட்டிருந்தேன்."

மைக்கில் வந்த பேர்

அவன் அம்மா ஜெசிந்தா லூப் ரோட்டில் மீன் விற்கிறவர். மகன் ஏதோ ஆபீஸ் டீமில் ஆடுகிறான் என்று மட்டும் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, தெருப் பெண்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு கேலரிக்கு வந்துவிட்டார். அன்றைக்கு அவன் இரண்டு கோல் அடித்தான். இரண்டாவதை டிஃபெண்டர்கள் மூன்று பேர் சுற்றி நிற்க, அவர்களுக்கு நடுவில் ஒரு வாசல் இருப்பது அவனுக்கு மட்டும் தெரிந்தது போல அடித்தான். எதிர் டீம் பெஞ்சில் இருந்தவர்களே எழுந்து கைதட்டினார்கள்.

மைக்கில், கோல் அடித்தவர் ஹரிகிருஷ்ணன் என்று அறிவித்தார்கள். ஜெசிந்தாம்மா தட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். பக்கத்தில் கேட்டார், அவர்களுக்கும் தெரியவில்லை. நேராகப் படியிறங்கி லைன் வரைக்கும் வந்து என்னைப் பிடித்துக்கொண்டார். ஒரு சீசன்தாம்மா என்று நான் ஆரம்பித்ததை அவர் கேட்கவில்லை. "பெத்து வச்ச பேரு ஒண்ணு கீது நைனா. என் புள்ள ஓடுறான், எவனோ கைதட்டு வாங்கிக்கினு போறான். இதுக்கு நீ காவலா?"

தி. நகர் கல்யாணத்தில்

செகரட்டரி மகள் கல்யாணத்துக்கு டீம் மொத்தமும் தி. நகர் போனோம். ஹரிகிருஷ்ணனின் அப்பா மண்டப வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றார். அந்த வாரம்தான் பேப்பரில் ஹரிகிருஷ்ணன் பேர் வந்திருந்தது. வந்தவர்கள் எல்லோரும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். மனிதர் முதல் ஆளிடம் மறுக்கப் பார்த்தார். இரண்டாம் ஆளிடம் சிரித்தார். நாங்கள் சாப்பிட்டுவிட்டு வரும்போது, சின்ன வயதிலேயே அவனுக்கு இடது கால் நன்றாக வரும் என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

ஆரோக்கியராஜ் ஐஸ்கிரீம் கப்போடு அவருக்கு நேர் பின்னால் நின்றான். எனக்கு ரத்தம் கொதித்தது. அவனோ தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான். அப்போது பட்டுப்புடவை கட்டிய ஒரு மாமி பக்கத்து மாமியிடம் சொன்னார்: "அங்க படிச்சுண்டே வாராவாரம் இங்கயும் வந்து கோல் போட்டுட்டுப் போறானாமே. எப்படித்தான் முடியறதோ குழந்தைக்கு."

கேப்டன் கையெழுத்து

அடுத்த சீசன் வந்தது. ஹரிகிருஷ்ணன் நன்றாக ஆடுகிறான், இப்போது ஏன் மாற்ற வேண்டும் என்றார் செகரட்டரி. நான் சண்டை போட்டேன். ஆரோக்கியராஜ், விடுண்ணா, பந்து குடுத்தா போதும் என்றான். நான்காவது ஆட்டத்தில் அவன் முழங்கால் திரும்பிக்கொண்டது. ஐஸ் கட்டி வந்தது, ஆறுதல் வந்தது. அவன் திரும்ப ஆடவே இல்லை. கடலுக்குப் போய்விட்டான்.

நான் "கோல் யாருடையது?" என்று தலைப்புப் போட்டு நோட்டீஸ் அடித்தேன். என் வாழ்க்கையில் எழுதியதிலேயே சூடான நோட்டீஸ். ஒரு கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு லீக் ஆபீஸுக்குப் போய், பொய்ப் பேரை அனுமதித்தவன் யார் என்று மேஜையைத் தட்டிக் கேட்டேன். அங்கே இருந்த கிளார்க் அம்மா கோபப்படவில்லை. பழைய ஆட்டப் பட்டியல்களை எடுத்து ஒவ்வொன்றாக என் முன்னால் விரித்தார். ஒவ்வொன்றின் அடியிலும், மேலே கண்ட பேர்கள் உண்மை என்று உறுதி கூறி, ஒரே கையெழுத்து. கண்ணாடியை இறக்கிக்கொண்டு அமைதியாகக் கேட்டார்: "இது உங்க கையெழுத்துதானே சார்?"

பெருங்குடியில் இருந்தவர்

அந்த நோட்டீஸ் கட்டு பரணுக்குப் போனது. ஊருக்கெல்லாம் நியாயம் கேட்ட நான் இதற்கு மட்டும் பதினைந்து வருடம் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால் குற்றவாளி நான்தான். அடையாறு பள்ளிக்கூடம் சான்றிதழ் கேட்ட அன்று ஆரோக்கியராஜ் என் வீட்டுக்கு வந்தான். எதுவும் கேட்கவில்லை. டீ குடித்தான், மழை பற்றிப் பேசினான், போய்விட்டான். மறுநாள் நான் லீக் ஆபீஸுக்குப் போனேன். புத்தகத்தைத் திருத்தலாம், ஆனால் மூன்று பேர் வேண்டும் என்றார்கள். பேருக்குரியவர் தான் ஆடவில்லை என்று எழுதித் தர வேண்டும். கேப்டன் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ரெஃப்ரி வந்து, ஒன்பதாம் நம்பர் போட்டு நின்றது யார் என்று ஆளை அடையாளம் காட்ட வேண்டும்.

செகரட்டரி அதற்குள் காலமாகிவிட்டார். ஹரிகிருஷ்ணன் ஊர் திரும்பி, பெருங்குடியில் ஒரு கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தார். அவரோடு மோத மூன்று பக்கம் தயார் செய்துகொண்டு வேளச்சேரியில் அவர் வீட்டுக்குப் போனேன். முதல் பக்கத்தைக்கூடப் படிக்க விடவில்லை. இன்டர்நெட்டில் யாரோ பழைய பேப்பரைப் பார்த்துவிட்டு, ஆபீஸ் டீமுக்கு அவரைக் கேப்டன் ஆக்கியிருக்கிறார்கள். முதல் நிமிடத்திலேயே பந்தின் மேல் கால் வைத்து விழுந்தாராம். அடக்கம் காரணமாக வேண்டுமென்றே சரியாக ஆடவில்லை என்று பேசிக்கொண்டார்களாம். பேனாவை நான் எடுப்பதற்குள் அவரே எடுத்துவிட்டார்: "வருஷா வருஷம் என்னை கிரவுண்ட்ல எறக்கி விட்டுடறா சார். அந்த கோலையெல்லாம் தயவுபண்ணி என்கிட்டேருந்து வாங்கிண்டு போங்கோ."

மறுபடி வரிசையில்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை லீக் ஆபீஸ் மாடியில் கூடினோம். எனக்கு எதிராக நானே எழுதியதைப் படித்தேன். எத்தனையோ பேரைக் குற்றவாளி நாற்காலியில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டவன், அன்று நான் உட்கார்ந்தேன். இரண்டு வருடம் எந்த டீமிலும் எந்தப் பொறுப்பும் வகிக்கக்கூடாது என்று தீர்ப்பு. தீர்ப்பு சரிதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்தக் கையெழுத்து உண்மை.

ரெஃப்ரிக்கு இப்போது எழுபது வயது இருக்கும். ஆளைப் பார்த்து ஞாபகம் இருக்கிறதா என்று கமிட்டிக்காரர் கேட்டார். பேர் மறக்கும், அந்தக் கால் எப்படி மறக்கும் என்றார் அவர். பிறகு, உட்கார்ந்துகொண்டு எனக்குப் படிக்க வராது, எல்லோரும் எழுந்து வரிசையாக நில்லுங்கள் என்றார். நின்றோம். நான், ஆரோக்கியராஜ், ஹரிகிருஷ்ணன். எதிரில் கிளார்க் அம்மா, கமிட்டிக்காரர்கள் மூன்று பேர், கடையை மூடிவிட்டு வந்த ஜெசிந்தாம்மா. ரெஃப்ரி திருத்திய பட்டியலைக் கண்ணருகே கொண்டுபோய் ஒன்றிலிருந்து படித்தார். வராதவர்களுக்கெல்லாம் அவரே "பிரசண்ட்" சொல்லிக்கொண்டார். குரல் பழைய குரல்தான். ஒன்பது வந்தது. படித்தார்.

பக்கத்தில் யாரும் முன்னால் போகவில்லை. திரும்பினேன். ஆரோக்கியராஜ் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த வரிசையில் அவன் காது இன்னொரு பேருக்குப் பழகிவிட்டது. முழங்கையால் ஒரு இடி கொடுத்தேன். ரெஃப்ரி பட்டியலை இறக்கி, அவனை மேலும் கீழும் பார்த்தார். ஏம்பா, உன் பேரு உனக்கே மறந்துபோச்சா என்று அன்று கேட்டதையே கேட்டார். பிறகு கீழே தெருவில் போகிறவனுக்கும் கேட்கிற மாதிரி மறுபடி படித்தார்: "ஒன்பது. எம். ஆரோக்கியராஜ்."

இத்தனை வருடம் நான் தெருத்தெருவாகக் கோஷம் போட்டுச் சாதிக்காததை, ஒரு டிரில் மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டே தடவையில் முடித்துவிட்டார் என்பதை மட்டும் அடுத்த நோட்டீஸில் போட எனக்கு மனம் வரவில்லை.